பாதி நாக்கும் பக்கத்தில் நின்றவளும்

என் நாக்கின் இடது பாதி இப்போது நாக்கே அல்ல. இடது முன்கையிலிருந்து வெட்டி எடுத்து உள்ளே வைத்துத் தைத்த தோல். கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்பு அதில் முடிகூட முளைத்தது. வாய்க்குள் முடி முளைத்த ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் தினமும் கண்ணாடியில் பார்த்தேன்.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். நான் வாயால் சொன்னால் இதுகூடப் பாதிப் பேருக்குப் புரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குத் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் ஆபரேட்டர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை, அதே முதலாளி. வருஷத்தில் முக்கால்வாசி வடக்கே எங்காவது இருப்போம். மழைக்காலத்தில் வண்டி ஊருக்குத் திரும்பும். ரிக்கில் இருக்கிறவர்கள் பலருக்கும் இருக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. தூக்கம் வராமல் இருக்கப் புகையிலைத் தூளைக் கன்னத்தில் அதக்கிக்கொள்வது. இடது கன்னம்.

சத்தீஸ்கரில் ஒரு கிராமத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது நாக்கின் இடது ஓரத்தில் புண் வந்தது. காரம் பட்டால் எரிந்தது. தேன் தடவினேன், சத்து மாத்திரை போட்டேன். ஊருக்குத் திரும்பும் சமயத்தில் இடது காதுக்குள் வலி குத்தியது. நாக்கில் புண் இருந்தால் காது ஏன் வலிக்கிறது என்று யோசிக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இல்லை. நாக்கின் வலியையும் காதின் வலியையும் கொண்டுபோகும் நரம்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்று பிற்பாடு சொன்னார்கள்.

முதலில் பார்த்தது பல் டாக்டர். பல் கூர்மையாக இருக்கிறது, அதுதான் உரசுகிறது என்று சொல்லி ராவிவிட்டார். புண் ஆறவில்லை. அடுத்து போன காது மூக்கு தொண்டை டாக்டர் கையுறை போட்ட விரலால் புண்ணின் விளிம்பை அமுக்கிப் பார்த்தார். புண் மெத்தென்று இருக்க வேண்டும், இது கல்லாக இருக்கிறது என்றார். அரிசி அளவுக்குச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

முடிவு வந்த அன்று நானும் என் மனைவி கவிதாவும் போயிருந்தோம். டாக்டர் காகிதத்தைப் படித்தார். பிறகு கவிதாவைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் தைரியமா இருக்கணும்மா" என்றார். புற்றுநோய் எனக்கு, தைரியம் அவளுக்கு. அன்றைக்கு என் நாக்கு முழுசாக இருந்தது. இருந்தும் டாக்டர் என்னிடம் பேசவில்லை.

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடம் பஸ் ஸ்டாண்டைவிட மோசம். பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் எங்கோ போகப் போகிறவர்கள். இங்கே எண்ணைக் கூப்பிட்டால் எழுந்து போகிறவர் என்ன முகத்தோடு திரும்பி வருகிறார் என்று மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கும் குழாய்க்குள் தள்ளியபோது ரிக் வண்டியின் கம்ப்ரசர் பக்கத்தில் படுத்தது போல இருந்தது. அங்கே மட்டும்தான் எனக்குப் பயம் இல்லை. அந்த மாதிரிச் சத்தத்தில் வாழ்ந்தவன் நான்.

அறுவை செய்யப் போகிற டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். நாக்கில் பாதியை எடுக்க வேண்டும், கழுத்தில் நெறிகட்டிய கட்டிகளையும் எடுக்க வேண்டும், கையிலிருந்து தோலையும் அதன் ரத்தக்குழாயையும் எடுத்து வாய்க்குள் ஒட்டுப்போட வேண்டும்.

"பேச்சு எப்படிங்க வரும்?" என்று கேட்டேன்.

"குளறும். பயிற்சி எடுத்தா ஓரளவு வரும்."

அந்த 'ஓரளவு' என்பது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

அறுவைக்கு முதல் நாள் மாலை பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் தாரணி வந்திருந்தாள்.  பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "என்னங்கப்பா?" என்றாள். "ஒண்ணுமில்ல சாமி" என்றேன். அவ்வளவுதான். அந்தப் பெயரை நான் ஒழுங்காகச் சொன்னது அதுதான் கடைசி.

கண் விழித்தபோது வாய் முழுக்கத் துணி அடைத்தது போல வீங்கியிருந்தது. மூக்கு வழியாக ஒரு குழாய், அதில் கஞ்சி. கழுத்தில் ஒரு ஓட்டை, அதில் ஒரு குழாய், அதன் வழியாக மூச்சு. கத்திப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. நுரையீரலிலிருந்து ஏறும் காற்று தொண்டையில் இருக்கும் குரல்நாண்களை அதிரவைத்தால்தான் சத்தம் பிறக்கும். எனக்கோ காற்று அதற்குக் கீழேயே ஓட்டை வழியாக வெளியே போய்விட்டது. எஞ்சின் ஓடுகிறது, பெல்ட் கழன்றுவிட்டது.

எழுதிக் காட்ட ஒரு சிலேட்டைக் கொடுத்தார்கள். கவிதாவுக்கு அது தேவைப்படவில்லை. என் உதட்டையும் கண்ணையும் பார்த்தே சொல்லிவிடுவாள். "மூக்குக் குழாய் உறுத்துதாமுங்க சிஸ்டர்." "ஃபேனைக் கொறைக்கச் சொல்றாருங்க." நூற்பு மில் வேலையை விட்டுவிட்டு என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் குடியிருந்தாள். கழுத்துக் குழாயில் சளி அடைத்தால் நர்ஸ் வருவதற்குள் உறிஞ்சி எடுக்கக் கற்றுக்கொண்டாள். அவளுடைய தம்பி அவிநாசியிலிருந்து வாரம் தவறாமல் வந்து, வெளியே வராந்தாவில் படுத்திருந்துவிட்டுப் போவான். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, மேச்சேரிப் பக்கத்து அம்மா, தன் புருஷனுக்குக் காய்ச்சிய ராகிக் கஞ்சியை வடிகட்டி எனக்கும் ஒரு டம்ளர் கொடுப்பார். இவற்றையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்காமல் இருப்பதே சில நாள் பாரமாக இருக்கிறது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் என் காதருகே குனிந்து கத்தினார்கள். "நல்லா இருக்கியா? சாப்டியா?" வெட்டியது நாக்கை, காதை அல்ல. யாருக்கும் அது தோன்றவில்லை. வாய் பேசாதவனுக்குக் காதும் கேட்காது, புத்தியும் மட்டு என்று உலகம் ஏதோ முடிவு செய்து வைத்திருக்கிறது.

ஒரு நாள் டாக்டர் வந்து கழுத்து ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு பேசச் சொன்னார். மூடினேன். "ம்" என்று வந்தது. என் குரல்தான், அதே கட்டைக்குரல். கவிதா அழுதாள். நான் மகள் பெயரைச் சொன்னேன். "ஆ-அ-இ" என்று வந்தது. டாக்டர் வெரி குட் என்றார்.

கழுத்துக் குழாயை எடுத்து, ஓட்டை மூடி, வீட்டுக்கு வந்த பிறகு பேச்சுப் பயிற்சிக்குச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு சின்ன கிளினிக்குக்கு அனுப்பினார்கள். பயிற்சி கொடுத்தவர் பவித்ரா என்ற பெண். முதல் நாளே மைக் முன் உட்காரவைத்து ஆ, ஈ, ஊ சொல்லச் சொன்னார். கம்ப்யூட்டரில் சாம்பல் நிறத்தில் ஒரு படம் வந்தது. அதில் கறுப்புப் பட்டைகள்.

"தொண்டையில பிறக்கிற சத்தம் எல்லா எழுத்துக்கும் ஒண்ணுதாங்க" என்றார். "வெறும் ரீங்காரம். அதை ஆ-வாகவும் ஈ-யாகவும் ஆக்கறது வாயோட வடிவம். காலி போர்வெல் குழியில கத்தினா ஒரு மாதிரி கேக்கும், தண்ணி நிறைஞ்ச குழியில வேற மாதிரி கேக்கும் இல்லீங்களா? நாக்கு அசைய அசைய வாய்க்குள்ள இருக்கிற இடம் மாறும். எந்தச் சுருதி பெருசாகுது, எது அமுங்குதுங்கறதும் மாறும். இந்தப் பட்டை ரெண்டும் அதுதான்."

முதலில் தன் குரலைப் பதிந்து காட்டினார். ஈ சொன்னபோது இரண்டு பட்டைகளும் தூரத் தூர நின்றன. ஊ சொன்னபோது இரண்டும் கீழே இறங்கின. ஆ சொன்னபோது நெருங்கி வந்தன. பிறகு என்னுடையது. மூன்றுக்கும் பட்டைகள் ஏறக்குறைய ஒரே இடத்தில், நடுவில், அசையாமல் கிடந்தன. நான் மூன்று எழுத்து சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் ஒன்றைத்தான் கேட்டிருந்தது.

மெய்யெழுத்து இன்னும் மோசம். ப, ம இரண்டும் உதட்டில் பிறப்பவை, அவை தப்பித்தன. த, ட, ண, ர, ல, ழ எல்லாம் நாக்கு மேலே போய் எங்காவது தொட வேண்டும், அல்லது தொடுவது போலப் போக வேண்டும். என் நாக்கு போகவில்லை. தாரணி என்ற பெயரில் உதட்டுக்கு வேலையே இல்லை. அதனால் அவளைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன். பதினொன்றாம் வகுப்புப் பெண்ணை, அவள் சிநேகிதிகள் எதிரில். ஒருநாள் தலையைக் குனிந்துகொண்டு, "கூப்பிடாட்டியும் பரவால்லீங்கப்பா, கையைத் தட்டுங்க, வாரேன்" என்றாள்.

பவித்ரா ஒரு சோதனை வைத்தார். நான் சொன்ன சொற்களைப் பதிந்து, வெளியே காத்திருந்த, என்னைத் தெரியாத சிலரிடம் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொன்னார். 'தண்ணி' என்று நான் சொன்னதை ஒருவர் 'பன்னி' என்று எழுதியிருந்தார். நாக்கு நுனி செய்ய வேண்டியதை என் உதடு செய்யப் பார்த்திருக்கிறது. அதே பதிவை கவிதாவிடம் போட்டார். அவள் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள்.

"பாதிப் பேச்சு கேக்கறவங்க காதுலதான் இருக்குதுங்க" என்றார் பவித்ரா. "உங்களைத் தெரிஞ்சவங்க, நீங்க என்ன சொல்ல வருவீங்கன்னு தெரிஞ்சவங்க, இல்லாத சத்தத்தை அவங்களே போட்டுக் கேட்டுக்குவாங்க. அக்கா உங்களை நல்லாப் படிச்சிருக்காங்க."

கவிதா சிரித்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எழுதிக் காட்டுவதைக் குறைத்துக்கொண்டு வாயாலேயே பேச வேண்டும் என்றும் பவித்ரா சொன்னார். சிலேட்டைத் தாரணியிடம் கொடுத்து எங்காவது வைக்கச் சொன்னேன்.

வெளி உலகம் அப்படிப் படிக்கவில்லை. சங்ககிரி வழியாகப் போகும் பஸ்ஸில் தனியாக ஏறி டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். "காலையிலயே ஊத்திட்டு வந்திட்டியா? எறங்கு." கழுத்துத் தழும்பைக் காட்டினேன். அதற்குள் முன் இருக்கையில் இருந்த பெண்கள் எழுந்து தள்ளிப் போயிருந்தார்கள். இறங்கிவிட்டேன்.

ரிக்கில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்பதை அந்த ரோட்டில் நின்றுகொண்டிருந்தபோது நினைத்தேன். கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அங்கே பேச்சு எல்லாம் கையில்தான். கட்டைவிரல் மேலே என்றால் குழாயை ஏற்று. உள்ளங்கை கீழே என்றால் இறக்கு. முஷ்டி மடக்கினால் நிறுத்து. பாதி நாக்குக்காரனும் முழு நாக்குக்காரனும் அங்கே ஒன்றுதான். உலகத்தில் எனக்கென்று மிச்சம் இருந்த ஒரே இடம் அது. அடுத்த சீசனுக்குப் போய்விட வேண்டும் என்று தீர்மானித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித்தான் கவிதாவுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை.

கதிர்வீச்சு தொடங்கியது. தலையையும் கழுத்தையும் மேசையோடு சேர்த்து அழுத்தும் பிளாஸ்டிக் முகமூடி. உள்ளே அசைய முடியாது. சில நிமிஷம்தான், வலி இல்லை. வலி வாரங்கள் போனபின் வந்தது. வாய் முழுக்கப் புண், உதடு வெடித்து ரத்தம், எச்சில் வற்றிப்போய் வாய் காகிதமானது. தாடை இறுகி இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. கழுத்துத் தோல் வெந்து தலையை ஆட்ட முடியவில்லை. தண்ணீர்கூட இறங்காமல் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து ட்ரிப் போட்டார்கள்.

அப்போதுதான் முதலாளி பார்க்க வந்தார். குப்புசாமி அண்ணன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். பல்லால் கடிக்க முடியாதவனுக்கு ஆப்பிள்.

"ஏப்பா சேகரு, வண்டி கெளம்பற நாள் நெருங்கீருச்சு" என்றார். "உன்ற எடத்துக்கு நெறையப் பேரு கேக்கறாங்க. நான் யாருக்கும் வாக்குக் குடுக்கல. உன்னைக் கேட்டுட்டுத்தான். நீ தேறி வார வரைக்கும் எடத்த வெச்சிருக்கோணும்னா வெச்சிருக்கறேன். வேணுமா, வேணாமா? மனசுல இருக்கறதச் சொல்லு."

"வேணும்" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். இன்னொரு தரம் சொன்னேன். வலது கையில் ட்ரிப் ஊசி. கழுத்து அசையவில்லை. கட்டைவிரலைத் தூக்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. சொன்னது சொன்னதுதான் என்று நினைத்தேன்.

"செரி செரி, அலட்டிக்காத, ஒடம்பப் பாரு" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கவிதா அவரை வழியனுப்பப் போனாள். திரும்பி வந்து ட்ரிப் பாட்டிலைப் பார்த்தாள், போர்வையை இழுத்துவிட்டாள், ஆப்பிளைப் பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்தாள்.

கதிர்வீச்சு முடிந்து, புண் ஆறி, தெளிந்த கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்தேன். மறுபடி சோதனை செய்து பார்த்து, நோய் இப்போதைக்கு இல்லை என்றார்கள். வண்டி கிளம்பும் நாள் பற்றித் தகவல் வராததால், முதலாளிக்கு போனில் எழுதி அனுப்பினேன். எப்போது கிளம்ப வேண்டும், தயாராக இருக்கிறேன் என்று. அவர் குரல்பதிவாகப் பதில் அனுப்பினார். அடுப்படியில் கவிதா இருக்கும்போதே போட்டுக் கேட்டேன்.

"என்னப்பா இப்படிக் கேக்கற? வண்டி போயி மூணு வாரமாச்சே. நீ சொன்னது எனக்கு வெளங்கலைன்னு வெளிய வந்து உன்ற ஊட்டுக்காரிகிட்டயே கேட்டனே. வேணாங்கறாருன்னு சொல்லுச்சே. அப்பறந்தான் வேற ஆளப் போட்டேன்."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

நான் போய் நிலைப்படியில் நின்றேன்.  

"எனக்கு வெளங்குச்சுங்க" என்றாள் கவிதா, அடுப்பைப் பார்த்தபடி. "நல்லாவே வெளங்குச்சு. வேணும்னுதான் சொன்னீங்க. ரெண்டு தரம் சொன்னீங்க."

"ஏ(ன்)?" என்றேன். அந்த ஒரு எழுத்து எனக்கு நன்றாக வரும். கோபம் இருந்தால் இன்னும் நன்றாக வருகிறது.

"அங்க போயி என்னத்தத் திம்பீங்க? காஞ்ச ரொட்டியையா? தொண்டையில சிக்கினா முதுகத் தட்டறதுக்கு அங்க ஆரு இருக்கா? அந்தப் பொகையிலைக் கருமத்த மறுக்கா வாயில வெக்க மாட்டீங்கன்னு எந்தச் சாமி மேல சத்தியம் பண்ணுவீங்க?" திரும்பினாள். "கழுத்துல ஓட்டையோட கெடந்தப்போ உங்க சளிய எடுத்தது நானு. அந்தக் கையால உங்கள அனுப்பி வெக்கச் சொல்றீங்களா?"

நான் பேசினேன். நிறையப் பேசினேன். அங்கே கையால் பேசலாம் என்று, இங்கே நான் பொண்டாட்டி பேச்சில் வாழும் பொம்மை என்று, கேட்பதற்கு ஒரே ஒரு ஆளை நம்பினேன், அந்த ஆள்தான் என் வாயைத் திருடியது என்று. கோபத்தில் பேசினால் குளறல் கூடும் என்று பவித்ரா எச்சரித்திருந்தார். உள்ளே படித்துக்கொண்டிருந்த தாரணி எழுந்து வந்து, "அப்பா என்னம்மா சொல்றாரு?" என்றாள்.

"உனக்கு ஒண்ணுமில்ல. போயிப் படி" என்றாள் கவிதா.

பவித்ராவிடம் இதைப் பற்றிக் கேட்டேன், எழுதித்தான். வேணும், வேணாம் இரண்டுக்கும் நடுவே மாறுவது ஒரே ஒரு உயிரொலி என்றார். ஒன்றுக்கு உதடு குவிந்து நாக்கின் பின்பக்கம் எழ வேண்டும், இன்னொன்றுக்கு வாய் அகலத் திறக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு உதடும் குவியவில்லை, வாயும் திறக்கவில்லை. "முதலாளி மேல தப்பில்லீங்க. ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டிருக்கும்" என்றார். கவிதாவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது அவருடைய படிப்பில் வராது.

குப்புசாமி அண்ணன் நல்ல மனிதர். வண்டி போய்விட்டதால், ஊரில் இருக்கும் யார்டில் பழைய குழாய்களுக்கும் டீசலுக்கும் காவலாக உட்காரச் சொன்னார். உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கம்ப்ரசர் ஓடுவதில்லை. அமைதியாக இருக்கிறது. வருகிறவர்களுக்கு நான் சொல்வதில் உள்ள ஒவ்வொரு குளறலும் தெளிவாகக் கேட்கிறது. மதியம் கவிதா குழைந்த சோறு கொண்டுவருகிறாள். எதிரில் உட்கார்ந்து நான் விழுங்கி முடிக்கும்வரை என் தொண்டையைப் பார்க்கிறாள். எடை கூடியிருக்கிறது. அவள் செய்தது தவறு என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போன வாரம் மறு பரிசோதனைக்குச் சேலம் போனோம். டாக்டர் விளக்கடித்து வாய்க்குள் பார்த்தார், கழுத்தைத் தடவினார், நல்லா இருக்கு என்றார். பிறகு கவிதாவைப் பார்த்து, சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்க ஆரம்பித்தார். அவள் பதில் சொல்வதற்குள் நான் மேசையைத் தட்டினேன். நிதானமாக, பவித்ரா சொல்லிக்கொடுத்தபடி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டுச் சொன்னேன்.

டாக்டர் கவனமாகக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு கவிதா பக்கம் திரும்பினார்.

"என்னம்மா சொல்றாரு?"

கவிதா என்னைப் பார்த்தாள். எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"இனிமே எல்லாத்தையும் என்கிட்டயே கேளுங்க, நானே பேசிக்கறேன்கறாருங்க" என்றாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

டாக்டர் தலையை ஆட்டினார். "நல்லதும்மா, அந்தத் தன்னம்பிக்கை வேணும்" என்று சொல்லிவிட்டு, பேனாவை எடுத்துக்கொண்டு அடுத்த கேள்வியையும் அவளிடமே கேட்டார்.